குளம் தேடாத தவளைகள்

றக்குவானைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் மழை விட்ட மாலை நேரம். கொழுந்து நிறுத்து, கூடை இறக்கி, லயத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு சத்தம் தொடங்கும். இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல ‘டிக்... டிக்... டிக்.’ கேட்டால் “தேரை கத்துது” என்பார்கள். ஆனால் கத்தும் இடத்தில் குளமுமில்லை, குட்டையுமில்லை. செங்குத்தான சரிவு, செடி, சருகு, அவ்வளவுதான்.

அந்தக் குரல் பெரும்பாலும் சூடோபிலாட்டஸ் என்னும் செடித்தவளைக் கூட்டத்தினுடையது. பல இனங்கள் கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவு. இவற்றின் விசேஷம் என்னவென்றால், வாழ்க்கையில் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. பெண் தவளை இரவில் செடியிலிருந்து இறங்கி, ஈர மண்ணில் சிறு குழி பறித்து, முட்டைகளை மண்ணோடு மண்ணாகக் கலந்து மூடிவிட்டுப் போய்விடும். வாலும் காலும் வளர்வதும் மாறுவதும் முட்டைக்குள்ளேயே. சில வாரங்களில் வெளியே வருவது முழுத் தவளைக் குஞ்சு. சில இனங்கள் மட்டும் முட்டையை இலையில் ஒட்டிவைக்கும். தண்ணீர் தேங்காத மலைச்சரிவில் பிழைக்க இதைவிடக் கெட்டிக்கார வழி இல்லை. ஆனால் மண் காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும். நிழலும் சருகும் போனால் தவளையும் போய்விடும்.

இவற்றின் மூதாதை இந்தியாவிலிருந்து வந்தது. நம் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்குக் கப்பலேறுவதற்குச் சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே குடியேறிப் பல்கிப் பெருகிவிட்டது. பிறகு ஒரு கிளை திரும்பிப் போயிருக்கிறது. வயநாட்டில் இன்றும் இருக்கும் ஓர் இனம் அந்த வம்சம்தான். கடவுச்சீட்டும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை!

இந்தப் பல்கிப் பெருகிய கதை உலகுக்குத் தெரிந்தது தாமதமாகத்தான். இலங்கையில் நூறுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருப்பதாக 2002இல் ‘சயன்ஸ்’ இதழ்க் கட்டுரை சொன்னது. 2005இல் ஒரே தொகுப்பில் 35 புதிய செடித்தவளைகள் விவரிக்கப்பட்டன. 2013இல் சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து மேலும் எட்டு. அதில் ஒன்றுக்கு 1848 கலகத்தின் வீரன் புரன் அப்புவின் பெயர். 2015இல் லூல்கந்துரவில் கண்ட ஒன்றுக்கு டில்மா என்ற தேயிலைக் கம்பனியின் பெயர். கொழுந்து பறித்த கைகளின் பெயர் எதற்கும் வைத்ததாகத் தெரியவில்லை. தமிழிலோ எல்லாம் வெறும் தேரை.

சிவனொளிபாதமலைக் காட்டின் இன்னொரு கதை: கெலார்ட் என்ற மருத்துவர் 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த ‘நட்சத்திரத் தவளை’, உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. அதன்பின் யாரும் காணவில்லை, அற்றுப்போனதாகவே எழுதிவிட்டார்கள். 2009இல் இந்தக் காட்டில் அது உயிரோடு கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. உலகில் அற்றுப்போனதாகப் பதிவான தவளை இனங்களில் ஏறத்தாழப் பாதி இலங்கையைச் சேர்ந்தவை. காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட காலத்தின் கணக்கு அதில் இருக்கிறது.

தண்ணீரை விடாத மரத்தவளைகளும் உண்டு. றக்குவானை மலைகளை விட்டால் வேறெங்கும் இல்லாத ஒன்றை மோர்னிங்சைட் தோட்டப் பக்கத்திலிருந்து 2001இல் விவரித்தார்கள். இப்போது அது தருகா என்ற பேரினத்தில் இருக்கிறது. லயத்துப் பக்கம் வருவதோ அதன் உறவான, முதுகில் மணற்கடிகை வடிவம் கொண்ட பெரிய மரத்தவளை. சுவரில் ஒட்டியிருக்கும்போது விரல்நுனியைப் பாருங்கள். சிறு தட்டுப்போல் விரிந்திருக்கும். அதன் மேல்தோல் அறுகோணச் செல்களால் ஆனது. செல்களுக்கிடையே ஓடும் வாய்க்கால்களில் வழவழப்பான நீர். அந்த ஈரம்தான் பிடி.

பீலித் தொட்டிக்கு மேலே, கிளையிலோ சுவரிலோ, சவர்க்கார நுரைபோல ஒரு வெள்ளை உருண்டை தொங்கினால் அது இதன் கூடு. பெண் தவளை பின்னங்கால்களால் அடித்து எழுப்பிய நுரைக்குள் முட்டைகள் இருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் தாமே தண்ணீரில் விழும். அதுவரை விளக்குமாற்றை எடுக்காதீர்கள்.