கொலுசில் முத்திரை பார்த்தீர்களா?

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவர் ஊர் தோணிரேவு. ஆண்கள் ஏரியில் வலை வீசுகிறார்கள். பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். இப்படிச் சிறுகச் சேரும் காசுதான் மகளுக்குக் கொலுசாகிறது, மருமகளுக்கு மெட்டியாகிறது.

மீன்பாடு இல்லாத மாதத்தில் கொலுசு விலைக்குப் போகிறது. அப்போதுதான் சோதனை! வெள்ளி மட்டம் என்று தெரிந்தால், பாடுபட்ட காசு பாழ்!

கண்ணுக்குத் தெரியாத குறை

சுத்த வெள்ளி மிருதுவானது, எளிதில் வளையும். ஆகவே செம்பு சேர்த்து நகை செய்கிறார்கள். அது தவறு அல்ல. எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை மறைப்பதே தவறு.

925 என்றால், 1,000 பங்கில் 925 பங்கு வெள்ளி. அந்தத் தரத்தில் 100 கிராம் கொலுசு வாங்கினால், 92½ கிராம் வெள்ளி இருக்கும். 800 தரம் என்றால் 80 கிராம்தான். இரண்டும் மின்னும். எடையும் ஒன்றே. வெள்ளியோ 12½ கிராம் குறைவு!

பெயர் வந்த கதை

லண்டனில் பொற்கொல்லர் சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹால்' என்று பெயர். அங்கே நகைகளைச் சோதித்து முத்திரை இட்டார்கள். அதுவே 'ஹால்மார்க்' ஆயிற்று.

நம் நாட்டில் வெள்ளிக்கு 2005-ம் ஆண்டில் ஹால்மார்க் வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல், முத்திரையோடு ஒவ்வொரு நகைக்கும் தனி எண் தரும் முறையும் வந்தது. ஆனால், தங்கத்தைப்போல் இதைக் கட்டாயம் ஆக்கவில்லை. ஆகையால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எதைப் பார்ப்பது?

ஒன்று: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை, அதனுடன் 'சில்வர்' என்ற ஆங்கிலச் சொல்.

இரண்டு: 925 போன்ற தர எண்.

மூன்று: எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். இதைக் கைப்பேசியில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், நகையின் தரமும் சோதித்த நிலையமும் தெரியும். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

ரசீது பத்திரம்!

எடையும் தரமும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முத்திரை சொல்லும் தரத்தைவிட நகையின் தரம் குறைந்திருந்தால், குறைந்த அளவுக்கு உரிய தொகையைப்போல் இரண்டு மடங்கு பெறலாம். சோதனைக் கட்டணமும் கிடைக்கும். இது 2018-ம் ஆண்டு விதி தரும் உரிமை.

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவோமா? கொலுசையும் திருப்பிப் பார்த்தே வாங்குவோம்!