உங்களுக்குத் தெரியுமா? கம்புக்கு முன்னே கால்!

சிலம்பம் கற்பவர் கம்பைச் சுழற்றும் முன்பே காலடி பழகத் தொடங்கிவிடுகிறார்! தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடை விழாவில் சிலம்பம் ஆடினால், கம்பை விட்டுக் காலைக் கவனியுங்கள். ஆட்டத்தின் அழகே அங்கேதான்.

• நெல்லைக்குத் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்து அடிமுறை என்ற தற்காப்புக் கலையில் தொடக்கப் பாடம் ஒற்றைச்சுவடு. துணையின்றி, நாலு திசையும் திரும்பி அடி, தடை, உதை பழக வேண்டும்.

• டேக்வாண்டோவின் பக்கவாட்டு உதைக்கும் உயிர், தரையில் ஊன்றிய கால். அந்தப் பாதம் சுழன்று, குதிகால் எதிராளி பக்கம் திரும்பினால்தான் இடுப்பு திறக்கும். உதையில் முழு பலமும் இறங்கும். உயர்த்திய காலை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

• மீண்டும் சிலம்பத்துக்கு வருவோம்: 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது.