மோட்டார் வண்டியின் மின்விசிறி: அது சுழலுங் காலமும் காரணமும்

வெயிலில் நெடுந்தூரம் விரைந்தோடிவந்த மோட்டார் வண்டியொன்று, சந்தியிலே தடைப்பட்டு நிற்கின்றது. ஓடியபோது வாளாவிருந்த அதன் முன்புற மின்விசிறி, நின்ற சில நிமிடங்களில் இரைச்சலோடு சுழலத் தொடங்குகின்றது. உழைக்கும்போது ஓய்ந்திருந்த விசிறி, வண்டி ஓய்ந்திருக்கும்போது உழைப்பானேன்? பலர் இதனைப் பழுதென்று கருதி அஞ்சுவர். உண்மையில் இஃது அவ்விசிறியின் செம்மையான தொழிலேயாம். இதன் காரணத்தை அறிந்துகொள்வார் எஞ்சினுக்கு நேரும் பெருஞ்சேதத்தைத் தவிர்ப்பதோடு, தம் உடலுக்கு நேரக்கூடிய தீங்கையுந் தவிர்ப்பர்.

பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் தரும் வெப்பசத்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகையோடும், குளிராக்கும் நீரோடும் வெளியேறுகின்றது. உருளையினுள் எரியும் வாயுவின் வெப்பநிலை ஒவ்வொரு தகனத்தின்போதும் 2000 பாகை சதமளவைக்கு மேற் செல்லும். எஞ்சினின் தலைப்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தாலானது. தூய அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். ஆதலின், வெப்பத்தை இடையறாது அகற்றாவிடில் உலோகம் வளையும். எண்ணெய் தன் வழுக்குந் தன்மையை இழக்கும். ஆடுதண்டு உருளையோடு இறுகிவிடும்.

எனினும், எஞ்சினை இயன்றவளவு குளிர்விப்பதே நன்று எனக் கொள்ளுதல் தவறாகும். மிகக் குளிர்ந்த எஞ்சினில் எரிபொருள் நன்கு ஆவியாகாது, எண்ணெய் தடித்து உராய்வு மிகும், தேய்வும் மிகும். எனவே நீரை ஏறக்குறைய 90 பாகை அளவில் நிறுத்திவைத்தலே நோக்கமாம். விசிறியின் கடமை குளிர்வித்தல் மாத்திரமன்று. வெப்பநிலை எல்லை கடவாது காத்தலுமாம்.

இக்காவலுக்கு உறுப்புகள் பல துணைபுரிகின்றன. பம்பியொன்று நீரை உருளைகளைச் சூழ்ந்த வழிகளினூடாகச் செலுத்துகின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் எனப்படும் வாயில் மூடியிருப்பதனால், நீர் ரேடியேற்றருக்குச் செல்லாது எஞ்சினுள்ளேயே சுற்றி விரைவிற் சூடேறும். அவ்வாயிலினுள்ளே அடைக்கப்பட்ட மெழுகு, பல வண்டிகளில் 80 பாகைக்கும் 90 பாகைக்குமிடையில் உருகி விரிந்து வாயிலைத் திறக்கின்றது. அப்போது சுடுநீர் ரேடியேற்றரின் நுண்குழாய்களினூடே பாய்ந்து, அவற்றைச் சூழ்ந்த மெல்லிய தகடுகளுக்குத் தன் வெப்பத்தை அளிக்கின்றது. அத்தகடுகளிலிருந்து வெப்பத்தை ஏந்திச் செல்வது காற்றேயாகும். பெயர் கதிர்வீசலைக் குறிப்பினும், ரேடியேற்றர் செய்யும் வேலை பெரும்பாலும் மேற்காவுகையால் நிகழ்வதென்பது நோக்கத்தக்கது.

அக்காற்று எங்கிருந்து வருகின்றது? வண்டி விரைந்தோடும்போது அதன் ஓட்டமே காற்றை முகப்பினூடாகத் தள்ளுகின்றது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் மிகுந்த வெப்பத்தை உண்டாக்கினும், எதிர்வருங் காற்று அதனை அகற்றப் போதுமானது. ஆகவே விசிறிக்கு அங்கு வேலையில்லை. வண்டி நின்றவிடத்து வெப்பம் குறைவாகவே உண்டாகும். ஆனாற் காற்றோட்டமோ முற்றும் அற்றுப்போகும். சிறிது சிறிதாகச் சேரும் வெப்பம் நீரின் வெப்பநிலையை உயர்த்த, அந்நிலையிலேதான் விசிறி வேண்டப்படுகின்றது. சுமையேற்றி, தாழ்ந்த கியரில் மெல்ல மலையேறும் வண்டிக்கும் இதுவே நிலை: வெப்பம் மிகுதி, காற்றுக் குறைவு.

இவ்வுண்மை மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலேயே உணரப்பட்டதொன்று. 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மைபாக் தேன்கூடு போன்ற ரேடியேற்றரை அமைத்தபோது, மெதுவாகச் செல்லும் வேளையிற் காற்றை இழுத்தற்பொருட்டு அதன் பின்னே சிறு விசிறியொன்றையும் வைத்தார். பின்னர் நெடுங்காலம், மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளில், விசிறி எஞ்சினாற் பட்டிகொண்டு சுழற்றப்பட்டது. அம்முறையில் ஓர் அடிப்படைக் குறையுண்டு. எஞ்சின் மெல்லச் சுழலும்போது விசிறியும் மெல்லச் சுழலும், விரையும்போது விரையும். அஃதாவது, தேவை மிகுந்தவிடத்துக் காற்றுக் குறைவு, தேவையற்றவிடத்து மிகுதி. அன்றியும், விசிறியின் வேகம் இருமடங்காக, அது விழுங்கும் வலு ஏறக்குறைய எண்மடங்காகின்றது. எரிபொருள் வீணாதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

எஞ்சினைக் குறுக்காக வைக்கும் வழக்கம் பரவியபோது பட்டி விசிறிக்கு வேறோர் இடையூறும் நேர்ந்தது. 1959இல் வெளிவந்த மினி வண்டியில் ரேடியேற்றரையே எஞ்சினின் பக்கத்தில் வைத்து இவ்விடையூற்றைத் தீர்த்தனர். 1974இல் வந்த வொக்ஸ்வாகன் கோல்ஃப் வண்டியிலோ ரேடியேற்றர் முகப்பிலேயே வைக்கப்பட்டு, எஞ்சினைச் சாராத மின்மோட்டாரால் விசிறி சுழற்றப்பட்டது. ரேடியேற்றரிற் பொருத்தப்பட்ட வெப்ப ஆளியொன்று அதனை ஆண்டது. இத்தகைய ஆளி ஏறக்குறைய 95 பாகையில் மின்னோட்டத்தை இணைக்கும். நீர் ஐந்து முதற் பத்துப் பாகைவரை தணிந்த பின்னரே துண்டிக்கும். இணைக்கும் வெப்பநிலையும் துண்டிக்கும் வெப்பநிலையும் ஒன்றேயாயின், விசிறி கணந்தோறும் எழுந்தும் ஓய்ந்தும் மோட்டாரைக் கெடுக்கும். விசிறி சில நிமிடம் சுழன்று சில நிமிடம் ஓய்வதன் காரணம் இவ்விடைவெளியேயாம். இன்றைய வண்டிகளில் வெப்பவுணரி தரும் அளவைக் கணினி ஆராய்ந்து, வேண்டியவாறு விசிறியின் வேகத்தையுங் கூட்டிக் குறைக்கின்றது. பலவற்றில் 100 பாகையளவிலேயே விசிறி எழும்.

நீர் சூடேறாதபோதும் விசிறி சுழலும் சந்தர்ப்பமொன்று உண்டு. வண்டியினுட் குளிரூட்டியை இயக்கினால், ரேடியேற்றரின் முன்னுள்ள ஒடுக்கி தன் வெப்பத்தை வெளிவிட வேண்டியிருத்தலின், அதற்காக விசிறி எழுகின்றது. இனி, எஞ்சினை நிறுத்திய பின்னருஞ் சில வண்டிகளில் விசிறி சுழல்வதுண்டு. பம்பி நின்றுவிடச் சூடான உலோகத்தைச் சூழ்ந்த நீர் அசையாது நின்று, முன்னிலும் அதிகம் சூடேறுதலே இதற்குக் காரணம். எனவே, திறவுகோலை எடுத்துவிட்டோமென்று நம்பி, விசிறியின் அருகே கையையோ தொங்கும் ஆடையையோ கொண்டு செல்லுதல் ஆகாது. முன்னறிவிப்பின்றி எழும் அவ்விதழ்கள் விரல்களைச் சிதைக்கவல்லன.

ஆகவே அஞ்சத்தக்கது சுழலும் விசிறியன்று. சுழல வேண்டிய வேளையிற் சுழலாத விசிறியே. உருகி அறுதல், ரிலே பழுதாதல், மோட்டார் தேய்தல், ஆளி கெடுதல் என்பன அதன் காரணங்களாகலாம். குற்றம் எவ்விடத்தென்பதை ஓட்டத்தைக் கொண்டே ஓரளவு ஊகிக்கலாம். நெரிசலிற் சூடேறி, விரைந்தோடும்போது தணியுமாயின் விசிறியை ஐயுறுக. விரைந்தோடும்போதே சூடேறுமாயின், நீர்க்குறைவு, ரேடியேற்றர் அடைப்பு, திறவாத தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஆராய்க. ரேடியேற்றரில் ஆளி பொருத்தப்பட்ட வண்டியில், தெர்மோஸ்டாட் திறவாவிடின் சுடுநீர் ஆளியை அடையாது. எஞ்சின் கொதித்தும் விசிறி எழாது. விசிறியை மாற்றுதல் அவ்விடத்து வீண் செலவேயாகும்.

வெப்பமானியின் முள் எல்லையைத் தாண்டுமாயின், குளிரூட்டியை நிறுத்தி, வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தல் வேண்டும். அப்பொழுதே மூடியைத் திறத்தல் பேராபத்தாகும். மூடிய தொகுதியுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் இருமடங்காயின், தூய நீரும் 120 பாகைவரை கொதியாதிருக்கும். மூடியைத் தளர்த்திய கணத்தில் அமுக்கம் வீழ, அந்நீர் பொங்கி ஆவியாய்ச் சீறி முகத்தையுங் கையையும் வெந்துபோகச் செய்யும். எஞ்சின் முற்றாக ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

சுருங்கக் கூறின், மின்விசிறி வண்டியின் வேகத்தை நோக்குவதன்று, நீரின் வெப்பநிலையை நோக்குவதாம். ஓட்டங் கொடுக்காத காற்றைத் தான் கொடுத்து, ஓட்டங் கொடுக்கும்போது ஒதுங்கியிருத்தலே அதன் இயல்பு. வேண்டும்போது மாத்திரம் உழைக்கும் இவ்வமைப்பைப் பௌதிகம் பயிலும் மாணவர் ஒருமுறை உற்றுநோக்குவாராயின், வெப்பமும் மின்னும் ஒன்றையொன்று ஆளும் முறையை வீதியோரத்திலேயே கற்றுக்கொள்வர்.