இணையச் செயலியை ஆக்குவோர்

கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்தியதும் வேண்டிய பக்கம் தோன்றுகின்றது. அதனை ஒருவரே ஆக்கியிருப்பார் என எண்ணுதல் இயல்பு. ஆயினும், பெரிய இணையச் செயலி ஒவ்வொன்றும் பலருடைய உழைப்பினால் உருவாவதாகும்.

பயன்படுத்துவோருக்கு வேண்டுவது யாது என ஆராய்ந்து பணிகளை வகுப்பவர் திட்ட முகாமையாளர். பக்கங்களின் அமைப்பை வரைபவர் வடிவமைப்பாளர். அவ்வமைப்பைத் திரையில் இயங்கச் செய்பவர் முன்புற நிரலாளர். கண்ணுக்குப் புலனாகாது, தரவுத்தளத்திலிருந்து விடையை எடுத்து அனுப்பும் பகுதியை எழுதுபவர் பின்புற நிரலாளர். பிழைகளைத் தேடிக் காண்பவர் சோதனையாளர். வழங்கிக் கணினிகள் இடையறாது இயங்கக் காப்பவர் பராமரிப்புப் பொறியியலாளர்.

இத்தனை பேரிருந்தும், இவர்களை ஒருங்கிணைப்பவர் இல்லையெனின் நேர்வது யாது? ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு விடை கிடைத்தது. மக்கள் மருத்துவக் காப்புறுதி பெறுவதற்கென அந்நாட்டு மத்திய அரசு அமைத்த ஹெல்த்கெயார்.கவ் என்னும் தளம் 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் அதனை நாடினர். முதல் நாளிற் பதிவை முடித்தோர் 6 பேரே!

பகுதிகளை வெவ்வேறு நிறுவனங்கள் ஆக்கியிருந்தன. அவற்றை ஒன்றாக இணைத்துச் சோதிக்கும் பணியோ திறப்புக்கு இரு வாரங்களின் முன்னரே தொடங்கிற்று. காப்புறுதித் திட்டங்களைப் பார்வையிட மட்டுமே வந்தவரும் முதலிற் கணக்குத் திறக்கவேண்டுமென விதிக்கப்பட்டமையால், அவ்வொரு வாயிலிலேயே அனைவரும் நெருக்குண்டு நின்றனர். அமைப்பை வகுத்தோர் செய்த முடிவு, வழங்கிகளைக் காப்போர் தலையிற் சுமையாக விழுந்தது. தெளிவான தலைமை இன்மையே குறைகளுள் முதன்மையானதென, அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தின் பொதுப் பரிசோதகர் 2016ஆம் ஆண்டிற் கூறினார்.

பின்னர் திறமை மிக்க பொறியியலாளர் சிலர் அழைக்கப்பட்டனர். நாள்தோறும் எல்லாப் பிரிவினரும் ஓரிடத்திற் கூடினர். பதவியால் உயர்ந்தவரன்றி, சிக்கலை நன்கறிந்தவரே பேசவேண்டும் என்பது அக்கூட்டத்தின் விதி. டிசெம்பர் மாதத் தொடக்கத்தில், ஒரே வேளையில் 50,000 பேரைத் தாங்கும் வலிமையை அத்தளம் எய்தியதென அரசு அறிவித்தது.

திரையின் முன் காத்திருக்கும் நோயாளிக்கு நிரலாளர் எவர், சோதனையாளர் எவர் என்னும் வேறுபாடு தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. ஆனால், அவருக்கு மருந்து உரிய காலத்திற் கிட்டுமா என்பது, அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டனரா என்பதையும் பொறுத்தது.