புறக்கடையில் ஒரு கேஸ் உலை

கேஸ் உலையில் பாதி வேலையைச் செய்வது அதன் உட்சுவர்தான். திறந்த வெளியில் எவ்வளவு பெரிய சுடரைக் காட்டினாலும் தடித்த இரும்புப்பட்டை அரைகுறையாகவே சிவக்கும். அதே சுடரை வெப்பம் கசியாத சிறு கூட்டுக்குள் சுழலவிட்டால், சுவரே தகித்து நாலாபுறமும் இரும்பின்மேல் சூட்டை வீசும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரும்பு மஞ்சளாகப் பழுத்துவிடும். அடிப்பதற்கு வேண்டிய சூடு அதுவே, ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ்.

மலாக்காவில் இந்த உலைக்கு வேலை உண்டு. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து தோட்டத்துப் பிழைப்பு கத்தி முனையில்தான் ஓடிவருகிறது. பால்மரத்துக்கு வளைந்த வெட்டுக்கத்தி, செம்பனை வந்தபின் குட்டை மரத்துக்கு உளி, நெட்டை மரத்துக்குக் கழியில் கட்டிய அரிவாள், புதருக்குப் பாராங். நகரில் கொல்லர்கள் தொழில் செய்த ஜாலான் துக்காங் பெசி 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய வட்டாரத்துக்குள் இருக்கிறது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தாமான் வீட்டுப் புறக்கடையில் கரி உலை மூட்டினால், அண்டை வீட்டுத் துணிக்கொடியில் கரிப்புகை படிந்து சண்டைதான் வரும். கேஸ் உலையில் அந்தத் தொல்லை குறைவு. துருத்தி ஊத இன்னோர் ஆளும் வேண்டாம்.

கூட்டுக்கு ஏற்றது, ஏர்கோன் கடைகளில் ஒருமுறை பயன்படுத்தித் தள்ளிவிடும் 13.6 கிலோ குளிர்வாயு தோம்பு. அதன் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். மிச்ச வாயுவைக் கடைக்காரரே கருவி வைத்து உறிஞ்சி எடுத்துத் தரவேண்டும். குளிர்வாயு நெருப்பில் பட்டால் நச்சுப்புகையாகும். வால்வைக் கழற்றி, நிறையத் தண்ணீர் ஊற்றிய பிறகே அறுக்க வேண்டும். பழைய சமையல் கேஸ் தோம்பை அறுக்கும் எண்ணமே வேண்டாம். துத்தநாக முலாம் பூசிய தகரமும் குழாயும் ஆகாது. சூட்டில் எழும் அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

உள்ளே 25 மில்லிமீட்டர் செராமிக் கம்பளி இரண்டு அடுக்கு. கம்பளியும் மேற்பூச்சும் போக நடுவில் 12 சென்டிமீட்டர் குழி மிஞ்சும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பாராங் முழுவதும் உள்ளே போகட்டும் என்று அகலமாகவும் நீளமாகவும் கட்டிவிடுகிறார்கள். ஒரு சூட்டில் சுத்தியல் அடிபடுவது ஒரு சாண் இரும்பில்தான்; அதற்குமேல் பழுத்ததெல்லாம் வீணாய்ப் போன கேஸ். குழி 25 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் தாராளம்.

கம்பளியின் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம். வெட்டி ஒட்டியபின் சிலிக்கா கரைசலால் இறுக்கி, வெப்பம் தாங்கும் காரையை முழுவதும் பூசி மூட வேண்டும். தரையில் ஒரு தீச்செங்கல் வைப்பது நல்லது, ஏனென்றால் ஒட்டு வேலைக்குத் தூவும் வெங்காரம் உருகிக் கம்பளியைத் தின்றுவிடும். காசு மிச்சமென்று சாதாரண சிமெண்டைப் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் துண்டு துண்டாகத் தெறிக்கும். நல்ல காரையும் மழைக்காலத்தில் உலர நாளாகும். ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு சிறு சுடரில் விட்டுவிட்டுக் காய்ச்ச வேண்டும்.

பர்னருக்கு அரை அங்குலக் கருங்குழாய், அதன் தலையில் ஒரு டீ இணைப்பு, டீயின் முதுகில் துளையிட்டுப் பொருத்திய 0.6 மில்லிமீட்டர் மிக் வெல்டிங் முனை. முனையிலிருந்து சீறும் கேஸ், டீயின் இரு பக்க வாய்களிலும் காற்றைத் தானே இழுத்துக்கொண்டு போகும், விசிறி தேவையில்லை. புரொப்பேன் ஒரு பங்கு முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. சமையல் கேஸ் தோம்பில் இருப்பது இரண்டும் கலந்தது. முனை நட்டநடுவில் இல்லாமல் ஒரு நூல் சாய்ந்தாலும் காற்று இழுப்பு குறைந்துவிடும். காற்றும் கேஸும் கலக்கும் குழாய், விட்டத்தைப்போல் எட்டு மடங்கு, அதாவது நாலு அங்குல நீளம். கூட்டின் மேற்பக்கத்தில் சற்று ஓரமாகச் சாய்த்துப் பொருத்தினால் சுடர் சுவரோடு சுழலும். உலை வாயிலிருந்து நீண்ட மஞ்சள் நாக்கு நீட்டினால் கேஸ் அதிகம். இரும்பில் செதில் கனமாகப் படிந்தால் காற்று அதிகம். சுடர் குழாய்க்குள் பின்வாங்கிப் படபடத்தால் உடனே வால்வை மூடிவிட வேண்டும்.

சமையல் ரெகுலேட்டர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.03 பார்தான். உலைக்கு 0.5 முதல் 1.5 பார் வரை கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டும். ஒரு பாரில் இந்தப் பர்னர் மணிக்கு ஏறத்தாழ அரை கிலோ எரிக்கும். 14 கிலோ தோம்பு பல நாள் வேலைக்கு வரும். நெடுநேரம் எரித்தால் மலாக்கா வெயிலிலும் தோம்பு குளிர்ந்து வேர்க்கும், அழுத்தம் இறங்கும். அதைச் சூடாக்கக் கூடாது. ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் போதும். மானிய விலைத் தோம்பு வீட்டுச் சமையலுக்கானது. பட்டறையைத் தொழிலாக நடத்துவோர் உள்நாட்டு வாணிக அமைச்சின் விதிகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து லோங்காங்கில் போய்த் தேங்கும். ஒரு தீப்பொறி போதும். ஆகவே உலை வடிகாலை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் இருக்கட்டும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் எரியும் காகிதத்தைக் கூட்டுக்குள் வைத்து, அதன்பிறகே கேஸைத் திறக்க வேண்டும். முகம் உலை வாய்க்கு நேரே இருக்கக் கூடாது.

பட்டடைக்கல்லுக்குக் கனத்த இரும்புக்கட்டை எதுவும் உதவும். தண்டவாளத் துண்டு இன்னும் நல்லது, ஆனால் மலாக்கா நகரில் அது எளிதில் அகப்படாது. தம்பின்–மலாக்கா ரயில் பாதையை ஜப்பானியர் பெயர்த்துச் சயாம் பாதைக்குக் கொண்டுபோன பின் யாரும் திரும்பப் போடவில்லை. முதல் வேலைக்கு 10 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கொக்கி போதும். லோரி ஸ்பிரிங் பட்டையில் பாராங் அடிப்பது கை பழகிய பிறகு. குழாய், கட்டை எல்லாம் பழைய இரும்புக்கடையில் கிடைக்கும். ரெகுலேட்டரையும் ஹோஸையும் மட்டும் அங்கே தேடக் கூடாது. கேஸ் சாமான் விற்கும் கடையில் புதிதாகவே வாங்க வேண்டும்.