முடிவு செய்யாத வாக்காளரும் கருத்துக்கணிப்பும்: நியூயார்க் 2018

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நியமனத்தின்வழி நிரப்பப்படும் சட்டத்துறைத் தலைவர் பதவி, அமெரிக்காவின் 43 மாநிலங்களில் மக்கள் வாக்கால் நிரப்பப்படுகிறது. ஒரு கட்சியின் செல்வாக்கு ஓங்கிய மாநிலத்தில், அக்கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தலே பெரும்பாலும் உண்மையான தேர்தலாகிவிடுகிறது. அதனை முன்னுரைக்கும் கருத்துக்கணிப்புகள் எவ்வளவு நம்பத்தக்கன என்பதற்கு, 2018இல் நியூயார்க் மாநிலச் சனநாயகக் கட்சி நடத்திய முதனிலைத் தேர்தல் நல்லதொரு சான்றாகும்.

அவ்வாண்டு மே மாதம் எரிக் ஷ்னைடர்மன் பதவி விலகினார். இடைக்காலத்தில் அப்பொறுப்பை ஏற்ற பார்பரா அண்டர்வுட் தேர்தலில் நிற்கவில்லை. பதவியில் இருப்பவர் போட்டியிடாமையால் களம் திறந்துவிடப்பட்டது. நியூயார்க் நகரப் பொது வழக்காடுநர் லெட்டிஷியா ஜேம்ஸ், சட்டப் பேராசிரியர் செஃபிர் டீச்அவுட், நாடாளுமன்ற உறுப்பினர் ஷான் பேட்ரிக் மலோனி, வழக்குரைஞர் லீசியா ஈவ் ஆகிய நால்வரும் போட்டியிட்டனர்.

செப்டம்பர் 13ஆம் நாள் வாக்களிப்பு. அதற்கு மூன்று நாள் முன்னர் வெளிவந்த சியனா கல்லூரியின் கணிப்பில் மலோனி 25, ஜேம்ஸ் 24, டீச்அவுட் 18, ஈவ் 3 விழுக்காடு பெற்றிருந்தனர். முடிவு செய்யாதோர் 30 விழுக்காட்டினர். அதாவது, முதலிடத்தில் நின்றவர் மலோனி அல்லர். 'இன்னும் தெரியவில்லை' என்ற விடையே முதலிடத்தில் நின்றது. தேர்தல் முடிவிலோ ஜேம்ஸ் ஏறத்தாழ 40 விழுக்காடும் டீச்அவுட் 31 விழுக்காடும் பெற்றனர். மலோனி அதே 25 விழுக்காட்டிலேயே நின்றுவிட்டார்.

இங்குக் கணிப்பைக் குறைகூறுவது எளிது; ஆயின் அது முறையன்று. ஏறத்தாழ 500 பேரைக் கொண்ட மாதிரியில் ஒருவரது விழுக்காட்டுக்கான பிழை எல்லை 4 புள்ளிகளுக்குச் சற்று மேல். இருவருக்கிடையே உள்ள இடைவெளிக்கான பிழை எல்லையோ ஏறத்தாழ 6 புள்ளிகள். ஆகவே 25க்கும் 24க்கும் இடையே 'முந்துகிறார்' என்னும் சொல்லுக்கே இடமில்லை. மேலும், முடிவு செய்யாதோரை அவரவர் பெற்ற விகிதப்படி பகிர்ந்தளிக்கும் வழக்கத்தைப் பின்பற்றினால் மலோனிக்கு 36, ஜேம்ஸுக்கு 34, டீச்அவுட்டுக்கு 26 என்று வரும். அம்முறையும் இங்குப் பொய்த்தது. கடைசி நாள்களில் முடிவெடுப்போர் ஏற்கெனவே முடிவெடுத்தோரின் சாயலில் இருப்பர் என்னும் எடுகோளே அதன் குறை.

காரணம் யாது? அதிகம் பேசப்படாத பதவிக்கு வாக்களிப்போர், வேட்பாளரின் கொள்கையைவிடப் பழகிய பெயரையும் கட்சியின் பரிந்துரையையும் துணைக்கொள்வர் என்பது என் கருத்து. ஜேம்ஸ் மாநிலக் கட்சியின் ஒப்புதலையும் ஆளுநர் குவோமோவின் ஆதரவையும் பெற்றிருந்தார். எனினும் இவ்விளக்கம் முழுமையானதன்று. கட்சி ஒப்புதல் பெறாத டீச்அவுட்டும் 13 புள்ளிகள் உயர்ந்தாரன்றோ!

விதிமுறையும் கணிப்பின் பொருளை மாற்றும். நியூயார்க்கில் இத்தகைய மாநிலப் பதவிக்கு இரண்டாம் சுற்று இல்லை. 40 விழுக்காடே ஜேம்ஸுக்குப் போதுமானதாயிற்று. டெக்சஸில் பாதிக்கு மேல் பெறுதல் வேண்டும். அங்கு 2022இல் குடியரசுக் கட்சியின் நால்வர் போட்டியில் கென் பாக்ஸ்டன் ஏறத்தாழ 43 விழுக்காடு பெற்றும், ஜார்ஜ் பி. புஷ்ஷுடன் மே மாதம் மீண்டும் மோதியே வென்றார். அத்தகைய களத்தில் கணிப்பை நோக்குவோர் முதலிடத்தைவிட இரண்டாமிடத்தையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். அங்கு மூன்றாமிடத்தாரும் நான்காமிடத்தாரும் புஷ்ஷை விட ஏறத்தாழ 5, 6 புள்ளிகளே பின்தங்கியிருந்தனர்.