தறிக்கு ஒரு லோன் கிடைக்குமா சார்?

மதுரையில இருந்து தேனிக்கு பஸ்ல வந்திருக்கீங்களா? ஜன்னலோர சீட் கிடைச்சா ஆண்டிபட்டி கணவாய்கிட்ட தூங்கிடாதீங்க. மலை ரெண்டு பக்கமும் ஒதுங்கி நின்னு வழிவிடும். அதைத் தாண்டினா எங்க ஊர்.

ஆண்டிபட்டின்னதும் உங்களுக்கு எலெக்‌ஷன்தான் ஞாபகம் வரும். 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே ஜெயித்த தொகுதி. 2002-லயும் 2006-லயும் ஜெயலலிதா ஜெயித்த தொகுதி. காலேஜ் டூர் வந்தவங்களுக்கு வைகை டேம் ஞாபகம் வரும். எங்களுக்கு ஆண்டிபட்டின்னா சத்தம் பாஸ், சத்தம்! சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பக்கம் ஒரு தெரு நடந்து பாருங்க. விசைத்தறி சத்தம் காதை அடைக்கும். அதுக்கு நடுவுல, கொஞ்சம் நின்னு கேட்டா மட்டும், கைத்தறியோட 'டக்... டக்...'. அந்தச் சத்தத்துல ஒண்ணு எங்க பெரியப்பாவோடது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கு 20 வயசு. இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ப்ளஸ் டூ முடிச்சதும் எஜுகேஷன் லோன் வாங்கித்தான் காலேஜ்ல சேர்ந்தேன். என்ன கொடுத்தேன்? மார்க் ஷீட், அட்மிஷன் லெட்டர், ஃபீஸ் விவரம், அப்பாவோட கையெழுத்து. 4 லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு அடமானம் தேவையில்லை. நான் நாளைக்கு வேலைக்குப் போவேனா, மாட்டேனா... அந்த ஆண்டவனுக்கே தெரியாது! ஆனாலும் கொடுத்தாங்க.

போன வருஷம் பெரியப்பா ஒரு பேங்க்ல போய் நின்னார். கேட்டது 50,000 ரூபாய். தறியைச் சரி பண்ணணும், புது அச்சு வாங்கணும், மிச்சத்துக்கு நூல் எடுக்கணும். நாப்பது வருஷமா நெய்யிற மனுஷன்.

"வீட்டுப் பத்திரம் இருக்கா?"

"வாடகை வீடு சார்."

"வருமானத்துக்கு ஏதாச்சும் பேப்பர்?"

"கூலி கையிலதான் சார் குடுப்பாங்க."

"அப்ப கஷ்டம்தான் பெரியவரே."

அவ்வளவுதான், ரெண்டே நிமிஷம். வெளியே வந்து என்கிட்ட சொன்னார்: "ஏய்யா, படிக்கப் போற உன்னைய நம்புறாங்க. வேலை தெரிஞ்ச என்னைய நம்ப மாட்டேங்கிறாங்களே?" எனக்குப் பதில் தெரியலை. அதைத் தேடிப் போன கதைதான் இது.

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. பேங்க் கதவு சாத்தினதும் பெரியப்பா போன இடம் தண்டல். எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச முறை இது: 10,000 ரூபாய் கடன்னு எழுதுவாங்க, 1,000-ஐ முதல்லயே பிடிச்சுக்கிட்டு 9,000 கையில் தருவாங்க. வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்டணும். 'ஆயிரம் ரூபாதானே வட்டி'ன்னு தோணும். ஆனா வாராவாரம் அசலும் குறைஞ்சுக்கிட்டே வருதே? நான் கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். வருஷத்துக்கு வட்டி சுமார் 100 சதவிகிதம்! அதே 9,000-ஐ 6 சதவிகித பேங்க் வட்டியில் அதே பத்து வாரத்தில் கட்டினா வட்டி எவ்வளவு தெரியுமா? சுமார் 57 ரூபாய். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன், 57-தான்.

அந்த 6 சதவிகிதம் நான் சும்மா எடுத்த நம்பர் இல்லை. நெசவாளர் முத்ரா திட்டத்தோட வட்டி அதுதான். பேங்க் வழக்கமா வாங்கற வட்டிக்கும் இந்த 6-க்கும் உள்ள வித்தியாசத்துல 7 சதவிகிதம் வரைக்கும் மத்திய அரசு கட்டும். கடன் தொகையில் 20 சதவிகிதம் மானியமா வரும். முதல்ல அதுக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2021-22 முதல் 2025-26 வரையிலான கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் அதை 25,000 ஆக்கினாங்க. கடன் திரும்ப வரலைன்னா பேங்குக்குக் கைகொடுக்க மூணு வருஷம் உத்தரவாதமும் உண்டு. அதாவது பெரியப்பா கேட்ட 50,000-ல் 10,000 மானியம். மிச்சம் 40,000-ஐ மூணு வருஷத்தில் கட்டினா மாசத் தவணை சுமார் 1,217 ரூபாய்.

இன்னொரு விஷயம். சிறுதொழில் கடன்ல 10 லட்சம் வரைக்கும் பேங்க் அடமானம் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2010-லயே சொல்லிருச்சு. அப்புறம் எதுக்கு அந்த 'வீட்டுப் பத்திரம் இருக்கா'?

கோபத்தோட, ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருத்தரைத் தேடிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்துட்டு நிதானமா சொன்னார்: "தம்பி, சட்டம் கேட்காதேன்னுதான் சொல்லுது. ஆனா கடன் வாராக்கடன் ஆனா, அந்த மேனேஜரைத்தான் கூப்பிட்டு 'எதை நம்பிக் கொடுத்த?'ன்னு கேட்பாங்க. குழித்தறியை ஏலம் விட்டா விறகு விலைகூட தேறாது. சரி, உங்க பெரியப்பா சொந்தமா சேலை விக்கிறாரா, கூலிக்கு நெய்யிறாரா?"

இந்தக் கடைசிக் கேள்வியிலதான் நான் மாட்டிக்கிட்டேன் ஃப்ரெண்ட்ஸ்.

கூலி நெசவுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: முதலாளி பாவும் ஊடைநூலும் கொடுப்பார். நெசவாளி வீட்டுத் தறியில் நெய்து சேலையைத் திருப்பிக் கொடுப்பார். சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. தார் சுத்துறது பெரியம்மா. அதுக்குத் தனிக் கூலியெல்லாம் கிடையாது, அது அந்தச் சேலைக் கூலிக்குள்ளேயே அடக்கம்! (இதைச் சொன்னா பெரியம்மா சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரலை.) தீபாவளி, கல்யாணம், ஆஸ்பத்திரின்னா முதலாளியே முன்பணம் தருவார். அது அடையிற வரைக்கும் வேற இடத்துக்கு நெய்யப் போக முடியாது. இப்படி இருக்கற ஒருத்தருக்கு பேங்க் 50,000 கொடுத்தா அந்தப் பணம் தறிக்குப் போகுமா? பாதி நேரம் பழைய முன்பணத்தை அடைக்கத்தான் போகும். நூலைச் சொந்தமா வாங்கி, சேலையைச் சொந்தமா விக்கிறவருக்குத்தான் கடன் முதலீடா மாறும். மத்தவங்களுக்கு அது கடன் மாத்துறது மட்டும்தான்.

இதுக்குத்தான் பெரியவங்க கூட்டுறவுச் சங்கம்னு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. சங்கம் உறுப்பினருக்கு நூல் கொடுக்கும், துணியை வாங்கிக் கூலி கொடுக்கும். துணி வித்துப் பணம் வர மாசக் கணக்காகும் இல்லையா? அதுவரைக்கும் ஓட்டறதுக்கு மத்தியக் கூட்டுறவு வங்கி, கையிருப்பு நூலையும் துணியையும் கணக்குப் பார்த்து சங்கத்துக்கு ரொக்கக் கடன் தரும். அந்த வங்கிக்கு மேல நபார்டு. துணியை வாங்கி விக்கிறதுக்கு 1935-ல் தொடங்கின கோ-ஆப்டெக்ஸ். 1983-ல் எம்.ஜி.ஆர். தொடங்கின இலவச வேட்டி சேலைத் திட்டம் பல சங்கங்களுக்கு மொத்தமா ஆர்டர் கொடுத்துச்சு. சங்கிலி நல்ல சங்கிலிதான். ஆனா துணி தேங்கினா பணம் வராது, பணம் வராட்டி நூல் வராது, நூல் வராட்டி தறி நிக்கும். தறி நின்ன வாரம் முதலாளிகிட்ட திரும்பப் போனவர்தான் பெரியப்பா.

கைவினைஞர்களுக்குக் கடன்னு திட்டங்கள் வராம இல்லை. 2003-ல் கைவினைஞர் கடன் அட்டை வந்தது, 2 லட்சம் வரைக்கும். 2015 ஏப்ரல்ல முத்ரா வந்தது. 2023 செப்டம்பர் 17-ல் பிரதமரின் விஸ்வகர்மா திட்டம். முதல்ல 1 லட்சம், அதை ஒழுங்கா கட்டினா அடுத்து 2 லட்சம், வட்டி 5 சதவிகிதம், கருவி வாங்க 15,000. கேட்க சூப்பரா இருக்கா? பெரியப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அப்புறம்தான் பட்டியலைப் படிச்சேன். 18 தொழில் இருக்கு. குயவர், தச்சர், தையல்காரர், மீன்வலை பின்னுறவர்கூட இருக்கார். கைத்தறி நெசவாளர் இல்லை! பல்பு வாங்கினது பெரியப்பா இல்லை, நான்தான்.

அந்தத் திட்டத்தை அப்படியே ஏத்துக்க முடியாதுன்னு 2024 நவம்பர்ல தமிழக அரசு எழுதிருச்சு. குடும்பத் தொழிலா இருக்கணும்கிற நிபந்தனை வேண்டாம், குறைந்தபட்ச வயசு 18-க்குப் பதிலா 35 ஆகட்டும்னு கேட்டாங்க. 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம்னு 25 தொழில்களுக்குத் தனியா கொண்டுவந்தாங்க. 3 லட்சம் வரை கடன், 25 சதவிகிதம் மானியம், அதிகபட்சம் 50,000. காலேஜ் போற வயசுல பையனைத் தறியில உட்கார வைக்க ஒரு கடன் காரணமாகக் கூடாதுங்கறது எனக்குச் சரின்னுதான் படுது. பெரியப்பா மகன் 18 வயசுல திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், அவனும் படிச்சிருக்கலாம். ஆனா 28 வயசுல விரும்பித் தொழிலுக்கு வர்றவனை ஏழு வருஷம் காத்திருன்னா, அவன் காத்திருப்பானா? டிகிரி முடிச்சுட்டு டிசைன் தெரிஞ்ச ஒருத்தர் வந்தாதானே தறிக்கும் நல்லது?

சரி, பெரியப்பா கதை என்னாச்சு?

ஒரு முடிவு பண்ணார். மாசத்துல பாதி கூலிக்கு, பாதி சொந்தத்துக்கு நெய்யிறதுன்னு. மதுரையில ஒரு ஜவுளிக்கடைக்காரர் மாசம் எட்டு சேலை எடுத்துக்கறேன்னு லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு பேப்பர்தான் எல்லாத்தையும் மாத்துச்சு. நெசவாளர் அடையாள அட்டை, ஆதார், பாஸ்புக், காசு வாங்காம போடற உத்யம் பதிவு எல்லாம் சேர்த்து, ஜன் சமர்த் தளத்துல நானே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். அரியர் பேப்பர் எழுதினப்பகூட எனக்கு அவ்வளவு பதட்டம் இல்லை. (உங்க ஹாஸ்டல்லயும் நெசவாளர் வீட்டுப் பசங்க இருப்பாங்க. அந்த ஃபாரம் ஒரு மணி நேர வேலைதான், நம்புங்க.)

வேற ஒரு கிளைக்குப் போனோம். அந்த மேனேஜர் மேடம் வீட்டுக்கே வந்து தறியைப் பார்த்தாங்க. நாடா எப்படி ஓடுதுன்னு கேட்டாங்க. பெரியம்மா மோர் கொடுத்துச்சு. மூணு வாரம் கழிச்சு 50,000 வந்தது. அதுல முதல் வேலையா பெரியப்பா தண்டல் பாக்கியை அடைச்சார். நான் 'தப்பு பெரியப்பா'ன்னு சொல்ல வாயெடுத்தேன். 57 ரூபாய் கணக்கு ஞாபகம் வந்து மூடிக்கிட்டேன்.

புது அச்சு வந்தாச்சு. மூணு சேலை மதுரைக்குப் போயிருக்கு, ரெண்டுக்குப் பணம் வந்திருக்கு. முதல் தவணை அடுத்த மாசம் 5-ம் தேதி. பெரியப்பாகிட்ட போன் இல்லாததால விண்ணப்பத்துல என் நம்பரைத்தான் கொடுத்தேன். தவணை ஞாபகப்படுத்தற எஸ்.எம்.எஸ். எனக்குத்தான் வரும்.